கடைமுகப்பில் வாழும் தச்சுநூல்: பெங்களூரு மரத்தொழிலாளரின் வாய்மொழி அறிவும் அதன் வரலாறும்

முன்னுரை

புறநானூற்றின் 206ஆம் பாடலில் ஔவையார் பரிசிலரை மரத்தச்சனின் கைவல்ல மக்களுக்கு ஒப்பிடுகிறார். மழுவோடு காடு புகுந்த தச்சனுக்கு எத்திசையிலும் மரம் உண்டு. அதுபோலக் கலைவல்லார்க்கு எங்குச் சென்றாலும் உணவு உண்டு என்பது அப்பாடலின் கருத்து. அதியமானின் வாயிற்காவலன் முன் நிமிர்ந்து நிற்கும் புலமைச் செருக்கையே நாம் வகுப்பறையில் விரித்துரைக்கிறோம். உவமையாக வந்த அத்தச்சுச் சிறுவனை அங்கேயே விட்டுவிடுகிறோம். காட்டில் எம்மரத்தை வெட்டலாம், எதனை விட்டுவிடலாம் என்பதை அவனுக்கு யார் சொன்னார்? எவ்வாறு சொன்னார்? இவ்வினாக்களுக்கு நம் இலக்கியங்களிலிருந்து விடை பெறுதல் அரிது. தச்சர் தம் அறிவை ஒருவர்க்கொருவர் சொல்லிக் கொள்ளும் பேச்சு ஏட்டில் ஏறவில்லை என்பதே இதற்குக் காரணம் எனலாம்.

அப்பேச்சின் அண்மைக்கால வரலாற்றைப் பெங்களூரு நகரத்தை முன்னிறுத்தி ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது. பழைய எந்திரங்கள், மரமும் பலகையும், கீல் முதலான பொருத்துச் சாமான்கள் ஆகியன பற்றி மரத்தொழிலாளர் தமக்குள் பரிமாறும் அறிவுரைகளே ஆய்வுப் பொருள். இக்கட்டுரையாளர் தம் வீட்டிற்கு ஓர் அலமாரி செய்விக்க முற்பட்டபோது, ஒரு கீலைத் தேர்வதற்கு மேஸ்திரியும் கடைக்காரரும் வேறு இரு தச்சரும் அரைமணிநேரம் உரையாடியதைக் கேட்க நேர்ந்தது. ஓர் இலக்கணச் சூத்திரத்திற்கு உரை காண்பது போன்ற நுட்பம் அவ்வுரையாடலில் இருந்தது. அங்குத் தொடங்கியதே இம்முயற்சி.

எழுதப்பட்டதும் எழுதப்படாததும்

மரவேலை பற்றித் தென்னாட்டில் நூலே இல்லை என்று கூறுதல் பொருந்தாது. சோழர்காலத் தமிழகத்தோடு தொடர்புடையதாக ஆய்வாளர் கருதும் மயமதம் என்னும் வடமொழிச் சிற்பநூல், தன் பதினேழாம் இயலை மர இணைப்புகளுக்கென்றே ஒதுக்கியுள்ளது. மல்லலீலை, வேணுபர்வம், பூகபர்வம் என இணைப்பு வகைகளுக்கு அது பெயர் சூட்டுகிறது. மூங்கிற் கணுவும் கமுகங் கணுவும் இணைப்பின் பெயர்களாகியிருத்தல் ஈண்டு நோக்கத்தக்கது. மரத்துண்டுகள் இரண்டும் கணுவில் வளர்ந்தது போலச் சேர வேண்டும் என்னும் எண்ணம் அப்பெயர்களிலேயே பொதிந்துள்ளது. அண்மைக் காலத்தில் வை. கணபதி ஸ்தபதியின் சிற்பச் செந்நூல் (1978) சிற்ப மரபின் சொற்களைத் தமிழில் தொகுத்தளித்தது. கம்மாளர் பற்றிய செய்திகள் எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளிலும் (1909) இடம்பெற்றுள்ளன.

இவையனைத்தும் கோயிலையோ சாதியையோ மையமாகக் கொண்டவை. ஒரு மேசையின் கால் ஏன் ஆடுகிறது என்பதை இவற்றுள் தேட இயலாது. தெலுங்கர் இவ்வகையில் நம்மினும் முந்திக்கொண்டனர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியின் முயற்சியால் வேளாண்சொற்கள் 1962லும் கைத்தறிச் சொற்கள் 1971லும் தொழிற்சொல் அகராதிகளாக வெளிவந்தன. வட்டாரம் வட்டாரமாகச் சென்று தொழிலாளர் வாயிலிருந்து சொற்களைத் திரட்டிய முறை அது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) உளி, வாய்ச்சி, கீல் முதலியவற்றைத் தருகிறது. ஆனால் அச்சொற்கள் பட்டறையில் எவ்வாறு வினையோடு கூடிப் பொருள் தருகின்றன என்பது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது.

பெங்களூரு என்னும் களம்

1537இல் கெம்பேகௌடர் நிறுவியதாகக் கூறப்படும் பேட்டைப் பகுதி ஒருபுறமும், 1809இல் ஆங்கிலேயர் அமைத்த தண்டுப் பகுதி மறுபுறமுமாக இந்நகர் இரட்டை நகராக வளர்ந்தது. 1881 முதல் 1947 வரை தண்டுப் பகுதி மைசூர் அரசின் ஆட்சிக்கு உட்படாது ஆங்கிலேயரின் நேர் நிருவாகத்தில் இருந்தது. 1949இல் இரு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாயின. படையோடு வந்த தமிழர் அல்சூர், சிவாஜிநகர் முதலிய இடங்களில் நிலைபெற்றனர். பாலம் கட்டுதலும் பாசறை அமைத்தலும் தொழிலாகக் கொண்ட சென்னைச் சாப்பர் படைக்குப் பெங்களூரே தலைமையிடமாயிற்று. அப்படையினர்க்குத் ‘தம்பி’ என்னும் செல்லப்பெயர் இன்றளவும் வழங்குகிறது.

தண்டுப் பகுதி மாளிகைகளின் முகப்பிலும் சன்னல் மேலும் நெடுஞ்சட்டங்களைச் செறிய நிறுத்திக் கூர்முடியாகச் செய்த மரக்கூரைகள் ‘மங்கி டாப்’ எனப் பெயர் பெற்றன. பெங்களூரின் கட்டடக்கலைக்கு அடையாளமாகிய இவ்வமைப்பு, உள்ளூர்த் தச்சர் கையில் அயல்நாட்டு வீட்டுவகை பெற்ற உருவமாகும். 1905இல் சிவசமுத்திர மின்னாற்றல் நகருக்கு வந்தது. கைவாளால் பலகை அறுத்த தொழிலில் எந்திரம் நுழைவதற்கு அது வழிவகுத்தது.

தமிழ்த்தச்சர் இங்குக் கன்னடத் தச்சரோடு அடுத்தடுத்து வேலை செய்தபோது சொற்கள் பெரும்பாலும் தடையாக இருந்திருக்க மாட்டா. தமிழில் உளி எனப்படுவது கன்னடத்திலும் உளியே. கீல் அங்குக் கீலு. தமிழ் வாய்ச்சி கன்னடத்தில் பாசி. சொன்முதல் வகரம் பகரமாதல் மொழிநூலார் நன்கறிந்ததே. பலகை ஹலகெ ஆதலும், பலா ஹலசு ஆதலும் பகரம் ஹகரமாகத் திரிந்ததன் விளைவு. நம் இழைப்புளியைப் போன்றே கன்னடக் கீசுளியும் வினையடியோடு உளி சேர்ந்து உருவான சொல். ஒப்பிலக்கண வகுப்பில் நாம் கரும்பலகையில் எழுதிக்காட்டும் இத்திரிபுகளைத் தச்சர் தம் வேலையிடத்தில் நாள்தோறும் வாயால் கடந்து சென்றனர்.

பழைய எந்திரம்

சிக்குப்பேட்டையை அடுத்த பி.வி.கே. ஐயங்கார் சாலையில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையில் பழைய கைக்கருவிகள் தரையில் பரப்பப்பட்டிருக்கும். எஸ்.ஜே.பி. சாலை எனச் சுருங்கி வழங்கும் வெள்ளிவிழாப் பூங்காச் சாலையில் எந்திரக் கடைகளும் இரும்புச் சாமான் கடைகளும் நெருங்கியுள்ளன. பழம்பொருட் சந்தையையும் கழிவிரும்பையும் இந்நகரத்தார் ‘குஜரி’ என்பர். குஜிலி என்றவுடன் தமிழாய்வாளர் நினைவிற்கு வருவன சென்னைக் குஜிலியின் பாட்டுப் புத்தகங்களே. இரு சொற்களும் உருது வழி வந்த ஒரே சொல்லின் வடிவங்கள் எனக் கொள்ளலாம். சென்னையில் அச்சொல் மலிவுப் பதிப்பின் பெயராக நிலைத்தது. பெங்களூரில் பழைய இரும்பின் பெயராக நிலைத்தது.

விடுதலைக்குப் பின் பெங்களூரு எந்திர நகராகவே வளர்ந்தது. 1940இல் விமானத் தொழிற்சாலையும், 1948இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1953இல் எச்.எம்.டி. எனப்படும் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸும் தோன்றின. பீன்யாவில் சிறுதொழிற்கூடங்கள் பெருகின. பெருந்தொழிற்சாலைகள் கழித்துக்கட்டும் எந்திரங்கள் ஏலத்தின் வழியே வணிகர் கைக்கு வந்து, அவர்களிடமிருந்து சிறுபட்டறைகளுக்குச் செல்லும் ஒரு வழக்கம் இதனால் வேரூன்றியது. புதிய எந்திரம் வாங்க முதலற்ற தச்சருக்குப் பழைய எந்திரமே தொழிலின் வாயில். ஆயின் பழைய எந்திரத்திற்குக் கையேடும் இல்லை, உறுதிச்சீட்டும் இல்லை. எனவே அதனை அறிந்தவரின் சொல் ஒன்றே துணை.

அச்சொல் எவ்வாறு அமைகிறது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். இழைப்பு எந்திரம் ஒன்றை வாங்கச் செல்பவர், முன்பே அவ்வகை எந்திரத்தை ஓட்டிய மூத்தவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்கிறார். மூத்தவர் முதலில் ஓட்டிப் பார்ப்பதில்லை. வார்ப்பிரும்பு உடலைச் சிறு சுத்தியால் தட்டிக் கேட்கிறார். மணியொலி போல் வந்தால் நன்று. ஒலி மழுங்கினால் எங்கோ விரிசல் உண்டு அல்லது பற்றவைத்து வண்ணம் பூசியுள்ளனர் என்பது பொருள். அடுத்து வாரைக் கழற்றிவிட்டுத் தண்டைக் கையால் சுழற்றுகிறார். மேலும் கீழும் அசைத்துப் பார்க்கிறார். அதில் உணரப்படும் மிகச்சிறு தளர்வை ‘ஆட்டம்’ என்பர். கூத்தையும் விளையாட்டையும் குறிக்கும் சொல் இங்குக் குறைபாட்டின் பெயராகிறது. அதன்பின் எந்திரத்தின் முன்மேசையும் பின்மேசையும் ஒரே மட்டத்தில் உள்ளனவா என நேர்விளிம்புச் சட்டம் வைத்துப் பார்க்கிறார். சட்டம் இல்லையேல் நூலை இழுத்துப் பிடித்துப் பார்க்கிறார். மோட்டாரின் கம்பிச்சுற்று புதிதாகக் கட்டப்பட்டதா, செம்பா அலுமினியமா, மும்முனை மின்சாரம் வேண்டுவதா எனக் கேட்கிறார். இவை முடிந்த பின்னரே எந்திரம் ஓட்டப்படும். அப்போதும் வெறுமனே ஓடும் ஒலியை அவர் நம்புவதில்லை. கடினமான பலகை ஒன்றைக் கொடுத்து இழைக்கச் சொல்வார்.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்துச் சுழி பார்த்து மாடு வாங்கும் வழக்கத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்கலாம். அங்கும் விற்பவன் முன்னிலையில் குறையை உரக்கச் சொல்லுதல் மரபன்று. இங்கும் அவ்வாறே; மூத்தவர் தம் கருத்தைக் கடையை விட்டு வெளியே வந்த பின்னரே உரைப்பார். இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. சுழி பார்த்தலில் நற்குறி, தீக்குறி என்னும் நம்பிக்கை கலந்துள்ளது. எந்திரம் பார்த்தலில் அதற்கு இடமில்லை. ஒவ்வொரு குறிக்கும் காரணம் சொல்லப்படுகிறது.

அயல்நாட்டிலிருந்து வரும் பழைய எந்திரங்கள் குறித்த அறிவுரை இன்னும் நுட்பமானது. 1906இல் தொடங்கிய ஜெர்மனியின் ஆல்டென்டார்ஃப் போன்ற நிறுவனங்களின் பலகை அறுக்கும் எந்திரங்கள் தச்சரிடையே பெருமதிப்பிற்குரியன. அவற்றை வாங்குவோரிடம் கேட்கப்படும் முதல் வினா உதிரிப்பாகம் பற்றியதே. பேரிங் எனின் கவலையில்லை. 6205 என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, தடிப்பு 15 மில்லிமீட்டர். உலகெங்கும் அதே அளவு. எண்ணே அங்கு மொழியாகிவிடுகிறது. ஆனால் அந்நிறுவனத்திற்கே உரிய பற்சக்கரமோ வழிகாட்டித் தண்டோ பழுதானால் கடைசல் பட்டறையில் புதிதாகச் செய்ய வேண்டும். எது எண்ணால் கிடைக்கும், எது செய்தால்தான் கிடைக்கும் என்று பகுத்தறிவதே இத்துறையில் அனுபவம் எனப்படுவது.

இவ்வறிவுரைகளுள் உயிர்நாடியானது விரல் பற்றியது. கைமாறிக் கைமாறி வரும் எந்திரங்களில் முதலில் காணாமற்போவது காப்புறையே. வேலைக்கு இடையூறு எனக் கழற்றப்பட்ட அது திரும்பப் பூட்டப்படுவதில்லை. மிகப் பழைய இழைப்பு எந்திரங்களில் வெட்டுத்தலை சதுரமாக இருக்கும். அதில் கை சிக்கினால் ஆழமாக உள்ளே இழுக்கப்படும். உருளை வடிவத் தலையில் அவ்விடைவெளி குறைவு. எனவே சதுரத்தலை எந்திரத்தை விலையின்றித் தந்தாலும் கொள்ளாதே என்பது மூத்தோர் கூற்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 21ஆம் பிரிவில் எந்திரங்களுக்குத் தடுப்பு அமைத்தலைக் கட்டாயமாக்கியது. ஆயின் மின்னாற்றலோடு இயங்கிய இடத்தில் பத்துத் தொழிலாளரேனும் இருந்தால்தான் அச்சட்டம் பொதுவாகப் பொருந்தியது. மூவரும் நால்வரும் வேலை செய்த பட்டறைகளுக்குச் சட்டத்தின் இடத்தில் நின்றது இவ்வாய்மொழியே. விரல் இழந்த ஒருவர் தம் கையைக் காட்டிச் சொல்லும் அறிவுரைக்கு உள்ள ஆற்றல் எவ்வறிவிப்புப் பலகைக்கும் இல்லை.

மரமும் பலகையும்

மரம் பற்றிய பேச்சு ஒரு காலத்தில் ஊர்ப்பெயர்களின் பேச்சாக இருந்தது. பர்மாத் தேக்கு, நிலம்பூர்த் தேக்கு, தாண்டேலித் தேக்கு, மத்திய மாகாணத்திலிருந்து வந்தமையால் சி.பி. தேக்கு எனப் பெயரே தரத்தைச் சொல்லிவிடும். 1996 டிசம்பர் 12இல் கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை இந்நிலையைப் பெரிதும் மாற்றியது. ஒப்புதல் பெற்ற திட்டமின்றிக் காடுகளில் மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. உரிமமற்ற அறுவை ஆலைகள் மூடப்பட்டன. வெளிநாட்டு மரங்களின் வரத்து மிகுந்தது. மியான்மரும் 2014 ஏப்ரல் முதல் உருட்டு மர ஏற்றுமதியைத் தடைசெய்தது. பெங்களூரு மைசூர்ச் சாலையின் மரக்கிடங்குகளில் பழைய ஊர்ப்பெயர்களோடு ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாட்டுப் பெயர்களும் இன்று கேட்கின்றன. பெயரைக் கேட்டே தரம் அறிந்த தலைமுறைக்கு இது பெருங்குழப்பம். பருத்த வளையமா, நெருங்கிய வளையமா, நெய்ப்பசை உண்டா, வெள்ளைப்பகுதி எவ்வளவு எனக் கண்ணாலும் மூக்காலும் புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று.

உருட்டு மரம் வாங்குவோர்க்குக் கூறப்படும் மற்றோர் எச்சரிக்கை அளவை பற்றியது. சுற்றளவின் நான்கிலொரு பங்கைத் தன்னோடு பெருக்கி நீளத்தால் பெருக்கும் ஹாப்பஸ் முறை 1736இல் இங்கிலாந்தில் அச்சான அட்டவணையிலிருந்து வந்தது. இம்முறையில் உருளையின் உண்மைக் கனத்தில் ஐந்திலொரு பங்கிற்கு மேல் கழிந்துவிடும். அறுக்கும்போது வீணாவதற்கு ஈடாக இக்கழிவு கருதப்பட்டது. விலை எந்தக் கன அடிக்கு என்று கேளாமல் வாங்கியவர் ஏமாறுவர். கடலோர ஈரத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள இந்நகருக்கு வரும் மரத்தைச் சில வாரம் கிடத்தி வைக்காமல் கதவு செய்யக்கூடாது என்பது இன்னொன்று.

பழைய வீட்டு மரத்திற்கு உள்ள மதிப்பிற்கும் இதுவே காரணம். தண்டுப் பகுதி மாளிகைகள் இடிக்கப்பட்டு அடுக்ககங்கள் எழுந்தபோது அவற்றின் உத்திரங்களும் நிலைகளும் சந்தைக்கு வந்தன. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் விற்கப்படுதலை அறிஞர் அறிவர். அங்கு அவை பெரும்பாலும் கலைப்பொருளாகப் போகின்றன. தச்சரோ அவற்றைப் பல்லாண்டு உலர்ந்து இனி முறுக்காத மரமாகக் காண்கின்றனர். வாங்குவோர் காந்தம் கொண்டுசெல்ல வேண்டும் என்பது அறிவுரை. உள்ளே புதைந்த ஓர் ஆணி, வாளின் பல்லை ஒரு நொடியில் உடைத்துவிடும்.

ஒட்டுப்பலகை பெருகியபின் பேச்சு மரத்திலிருந்து பசைக்கு மாறியது. இத்துறை ஆய்விற்கெனப் பெங்களூரிலேயே 1962இல் ஒட்டுப்பலகைத் தொழில் ஆய்வு நிறுவனம் தோன்றியது. மர அறிவியல் ஆய்வோ மல்லேசுவரத்தில் 1938 முதல் நடைபெறுகிறது. கொதிநீர் தாங்கும் உயர்தரப் பசைக்கு 72 மணிநேரக் கொதிப்புச் சோதனை உண்டு. முத்திரையை மட்டும் நம்பாத தச்சர், ஒரு துண்டை வீட்டு அடுப்பில் கொதிக்கவைத்துப் பார்க்கின்றனர். ஆய்வுக்கூடத்தின் சோதனை குறுகிய வடிவில் சமையலறைக்கு வந்துசேர்ந்தமை குறிப்பிடத்தக்கது.

குடுமியிலிருந்து கிராங்கு வரை

பழைய கதவுகளுக்குக் கீல் இல்லை. கதவின் மரத்திலேயே மேலும் கீழும் குடுமி விட்டு, நிலையின் குழியில் பொருத்திச் சுழலச் செய்தனர். சட்டங்களை இணைக்கத் துளையும் கழுந்தும், பலகைகளைச் சேர்க்கக் காடியும் நாக்கும் போதுமானவையாக இருந்தன. இணைப்பு மரத்திற்குள்ளேயே இருந்தது. அதனைச் செய்யும் அறிவும் பெரும்பாலும் குடிக்குள்ளேயே, தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது.

துகட்பலகையிலும் இழைப்பலகையிலும் கழுந்து நில்லாது, உதிர்ந்துவிடும். எனவே இணைப்பு உலோகத்திற்கு இடம்பெயர்ந்தது. ஹெட்டிக் (1888), ஹாஃபலே (1923), புளூம் (1952) முதலிய ஐரோப்பிய நிறுவனங்களின் பெயர்கள் இன்று எஸ்.ஜே.பி. சாலையில் அன்றாடச் சொற்கள். கதவில் 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழி எடுத்துப் பதிக்கும் மறைகீலைத் தச்சர் மூவகையாகப் பகுப்பர். கதவு பக்கப்பலகையை முழுதும் மூடினால் பூச்சியக் கிராங்கு. இரு கதவுகள் ஒரே பலகையைப் பங்கிட்டுக்கொண்டால் எட்டுக் கிராங்கு. கதவு உள்ளடங்கினால் பதினாறு. நிறுவன ஏடுகளில் இவற்றிற்கு வேறு பெயர்கள் உள்ளன. ஆயினும் கடைமுகப்பில் வெல்வது எண்ணே. இழுப்பறையை இருபுறமும் அரை அங்குலம் விட்டு, வாயகலத்தினும் ஓரங்குலம் குறைத்துச் செய் என்னும் விதியும் அவ்வாறே எழுத்தின்றிப் பரவியது. உருளைத்தண்டவாளத்தின் தடிப்பு பக்கத்திற்கு அரை அங்குலம் என்பதே அதன் காரணம்.

இம்மாற்றத்தை வீழ்ச்சி என்று கூறுவோர் பலர். வேணுபர்வம் செய்த கை இன்று திருகாணி முடுக்குகிறதே என்னும் அவர்தம் வருத்தத்தில் உண்மை உண்டு. ஆயின் மற்றொரு பக்கத்தையும் காணவேண்டும். கழுந்தின் அறிவு குடிக்குள் அடைபட்டிருந்தது. கீலின் அறிவு கடைமுகப்பில், கேட்பவர் எவர்க்கும் கிடைக்கிறது. தச்சுக்குடியிற் பிறவாத தமிழ் இளைஞரும், தக்கனி உருது பேசும் இசுலாமியரும், கேரளத்து ஆசாரியும், இராசத்தானத்துச் சுதாரும் ஒரே முகப்பில் நின்று ஒரே ஐயத்தைக் கேட்கின்றனர். வயதறிந்து அண்ணா, பாய், மேஸ்திரி, ஆசாரி என விளிக்கின்றனர். இழைப்புளியை ஒருவர் ரந்தா என்பார்; மற்றவர் கீசுளி என்பார்; எவரும் மற்றவரைத் திருத்துவதில்லை. கைத்திறத்தில் இழந்தது மிகுதியா, அறிவு பரவியதில் பெற்றது மிகுதியா எனின், இக்கட்டுரையாளர் பின்னதன் பக்கமே சாய்கிறார்.

இச்சொற்களை எவ்வாறு பதிவது என்பதே தமிழாய்வின் முன் உள்ள சிக்கல். கிராங்கு அயற்சொல் என்று ஒதுக்கி ‘வளைவுக்கீல்’ என ஒரு பெயரை நாம் ஆக்கித் தரலாம். அதனை எத்தச்சரும் கேட்டு வாங்கப் போவதில்லை. ஆட்டம் என்னும் சொல்லோ தமிழே, எனினும் ‘எந்திரத் தண்டின் தளர்வு, விரலால் உணரப்படுவது, வாங்குமுன் பார்க்க வேண்டியது’ என்னும் பொருள் அதற்கு அகராதியில் சேரவேண்டும். அதற்கு ஞாயிறு காலை சிக்குப்பேட்டைக்குக் குறிப்பேட்டோடு செல்லுதல் வேண்டும். பத்து மணிக்கு முன் சென்றால் கருவிகளைப் பார்க்கும் மூத்தோர் அங்கிருப்பர். அதன்பின் கூட்டம் மிகுந்து, பேச்சு விலையைப் பற்றியதாகிவிடும்.